மாப்பிள்ளையை ஃபீல்டிங்கில் இறக்கிய விவரம்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் சம்பந்தியம்மாளும் நல்ல சுகத்துடன் இருக்க வேண்டும். தங்கள் முதுகுவலி இப்போது தேவலையா? இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அது பொய்யாகிவிடும், அதோடு, என் மனைவி சமையலறையிலிருந்து எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் பிள்ளை, அதாவது எங்கள் மாப்பிள்ளை, வேறு ஊருக்கு மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டார். வெள்ளிக்கிழமை பெரிய அதிகாரி கையெழுத்துப் போட்டால் தீர்ந்தது. மாடியைக் காலி செய்துவிட்டு என் மகளையும் கூட்டிக்கொண்டு போய்விடுவார். பதினோரு நாளாக எங்கள் வீட்டில் கை நனைக்கவில்லை. இத்தனைக்கும் காரணம் ஒரு கிரிக்கெட் ஆட்டம். தப்பு யார் பேரில் என்று நீங்களே படித்துப் பார்த்துவிட்டு, அவரைக் கூப்பிட்டுக் கண்டித்து, அந்த விண்ணப்பத்தை வாபஸ் வாங்கச் சொல்ல வேண்டும்.

எங்கள் குடிநீர் அலுவலகத்தில் வருஷம் ஒரு தடவை பம்புப் பிரிவுக்கும் வரைபடப் பிரிவுக்கும் ஆட்டம் நடக்கும் என்பது தங்களுக்குத் தெரியும். நான் பம்புப் பிரிவின் கேப்டன். இன்னும் நாலு மாதத்தில் ஓய்வு பெறுகிறேன், எனவே இது என் கடைசி ஆட்டம். முப்பத்தொரு வருஷத்தில் நான் எடுத்த அதிகபட்சம் முப்பத்தேழு. அதில் பாதி பந்து என் முழங்காலில் பட்டு ஓடியது என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களை விடுங்கள். இந்தத் தடவை என்ன மாயமோ, பந்து மட்டையின் நடுவிலேயே வந்து விழுந்தது. நாற்பதைத் தாண்டினேன். எங்கள் ஆட்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். மாப்பிள்ளை வரைபடப் பிரிவுக்காரர் என்றாலும் பதினோரு பேரில் அவரைச் சேர்க்கவில்லை. ஓரமாக மேஜை போட்டு, பென்சிலைக் கூராகச் சீவி வைத்துக்கொண்டு ஸ்கோர் எழுதிக்கொண்டிருந்தார். அந்தக் கையெழுத்தைப் பார்த்தால் அச்சடித்த மாதிரி இருக்கும், அதில் குறை சொல்ல மாட்டேன்.

நான் நாற்பத்தெட்டில் இருக்கும்போது, எதிரணியில் ‘ஒட்டடைக்குச்சி’ என்று நாங்கள் கூப்பிடும் நெட்டையரின் காலணி அடிப்பாகம் பிய்ந்து வாயைப் பிளந்துவிட்டது. வேறு காலணி போட்டுக்கொண்டு வருகிறேன் என்று அவர் வெளியே போனார். உடனே அவர்கள் கேப்டன் ‘மின்னல்’ என்கிற குமாஸ்தாவை உள்ளே இறக்கப் பார்த்தார். அந்த ஆள் ஓடினால் நிழல் பின்னால் வந்து சேரும். நான் விடுவேனா? மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அம்பயரிடம் போனேன். அம்பயர் எங்கள் ஸ்டோர் கீப்பர். கையெழுத்து வாங்காமல் ஒரு திருகாணி தர மாட்டார், அவ்வளவு நேர்மை.

“அடிபட்டாலோ உடம்புக்கு முடியலைன்னாலோதான் மாற்று ஆளு. செருப்பு மாத்தப் போனவருக்கெல்லாம் கிடையாது” என்றேன்.

தங்களுக்கு நினைவிருக்கும். போன தடவை தாங்கள் வந்திருந்தபோது நாம் இருவரும் டிவியில் ஒரு சர்வதேச ஆட்டம் பார்த்தோம். பந்து வீசுகிறவர்களை ஓய்வெடுக்க உள்ளே அனுப்பிவிட்டு, அணியிலேயே இல்லாத ஒரு சுறுசுறுப்பான ஆளை ஃபீல்டிங்குக்கு விட்டார்கள். அவர் எறிந்த எறியில் எதிரணிக் கேப்டன் ரன் அவுட். தாங்கள், “சட்டத்துல இடம் இருக்கே சம்பந்தி” என்றீர்கள். நான், “சட்டத்துல இருக்கலாம், மனசாட்சியில இல்லையே” என்றேன். அவுட்டான கேப்டன் கையை ஆட்டிக் கத்திக்கொண்டே வெளியே போனபோது நான் சொன்னது இன்னும் ஒன்று இருக்கிறது. “என்ன இருந்தாலும் இப்படிக் கத்தக் கூடாது. அவுட்னா வாயை மூடிக்கிட்டுப் போறவன்தான் ஆட்டக்காரன்.” இதைத் தாங்கள் மறந்திருந்தால் நல்லது.

என் ஆட்சேபணையைக் கேட்டதும் அவர்கள் கேப்டன் தலையைச் சொறிந்தார். பிறகு, “சரி சார், உங்க மாப்பிள்ளையே கொஞ்ச நேரம் வந்து நிக்கட்டுமா?” என்றார். எங்கள் ஆட்டத்தின் வழக்கப்படி, மாற்று ஆளை எதிரணிக் கேப்டன் ஒப்புக்கொண்டால்தான் இறக்கலாம். அப்போது நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? செருப்புக்கு மாற்று ஆள் கிடையாது என்று சொன்ன வாய், அதையே திரும்பச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் சம்பந்தி, உள்ளதைச் சொல்கிறேன், தாங்கள் கோபப்படக் கூடாது. மூன்று வருஷமாகப் பார்க்கிறேன், உங்கள் பிள்ளை கையில் எதுவும் நிற்காது. டம்ளர், சாவிக்கொத்து, கடிகாரம், ஒரு தடவை என் மூக்குக்கண்ணாடி. சோப்பைப் பிடிக்கப் போய் வாளியைக் கவிழ்த்தவர். நமக்கு நல்ல காலம் என்று நினைத்து, “நம்ம மாப்பிள்ளைதானே, தாராளமா!” என்றேன். ஸ்டோர் கீப்பர், “நல்லா யோசிச்சுச் சொல்லுங்க” என்றுகூட எச்சரித்தார். நான் பெருந்தன்மையாகக் கையை வீசினேன். சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். அந்தக் கைதட்டல் எனக்குப் பிடித்திருந்தது.

அடுத்த பந்தையே வேண்டுமென்று அவர் பக்கம் தட்டிவிட்டேன். “மாப்பிள்ளைகிட்டதான் போகுது, ஓடு ஓடு!” என்று எதிர்முனைக்காரரைப் பார்த்துக் கத்திவிட்டு, நடக்கவா ஓடவா என்று நிதானமாகக் கிளம்பினேன். முதலில் பந்து அவர் கையிலிருந்து நழுவி நெஞ்சில் பட்டது. நான் சிரித்துவிட்டேன். சிரிப்பு முடிவதற்குள் அவர் பந்தைப் பொறுக்கி, கண்ணை மூடிக்கொண்டு, ஆமாம் சம்பந்தி, கண்ணை மூடிக்கொண்டு, எறிந்தார். நடு ஸ்டம்ப் பிடுங்கிக்கொண்டு போய் விழுந்தது. நான் பாதி வழியில் நிற்கிறேன்.

அப்புறம் நடந்ததை எழுதக் கை கூசுகிறது. இருபது நிமிஷம் நான் இடத்தைவிட்டு நகரவில்லை. மாற்று ஆள் செல்லாது என்றேன். செருப்புச் சட்டத்தை மறுபடியும் எடுத்தேன். “நீங்கதானே சார் தாராளமான்னீங்க” என்று ஸ்டோர் கீப்பர் சொன்னதும் எனக்குத் தலைக்கேறிவிட்டது. பெரிய அதிகாரி உட்பட அறுபது பேர் பார்த்துக்கொண்டிருக்க, மாப்பிள்ளை பக்கம் திரும்பி, “மூணு வருஷமா எங்க வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிட்டுட்டு, எனக்கே குழி பறிக்கிறீங்களா?” என்று கேட்டுவிட்டேன்.

அவர் நேரே மேஜைக்குப் போய், பென்சிலை எடுத்து, என் பெயருக்கு நேரே ‘48, ரன் அவுட்’ என்று அதே அழகான கையெழுத்தில் எழுதிவிட்டு வீட்டுக்கு நடந்து போய்விட்டார். அன்றிலிருந்து ஓட்டலில்தான் சாப்பாடு. என் மகள் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: “அப்பா, மாடி வாடகைக்கு விடுறதுக்கு நல்ல இடம். ஆளு பாத்துக்கோங்க.” அவள் மூன்று வயதில்கூட என்னிடம் இப்படி முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசியதில்லை. மனைவி சமைக்கிறாள், பரிமாறுவதில்லை, வைத்துவிட்டுப் போய்விடுகிறாள்.

மாப்பிள்ளையைக் கண்டிக்கச் சொல்லி எழுத ஆரம்பித்தேன். எழுதிக்கொண்டு வரும்போதே யார் பேரில் தப்பு என்று எனக்கே தெரிந்துவிட்டது. சட்டம் தெரிந்தவன் நான், அதை வளைத்தவனும் நான், அனுமதி கொடுத்தவனும் நான், பந்தை அவர் பக்கம் தட்டியவனும் நான். அவர் செய்தது தன் அணிக்கு உண்மையாக விளையாடியது ஒன்றுதான். பெண்ணைக் கட்டிக்கொடுத்த மாப்பிள்ளையிடம் சாப்பாட்டைச் சொல்லிக்காட்டுவது எவ்வளவு கேவலம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அவரைக் காயப்படுத்திவிட்டேன். அதற்காகத் தங்களிடமும் சம்பந்தியம்மாளிடமும் மனப்பூர்வமாக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அவர் மாடியில் இல்லாத வீட்டில் நான் ஓய்வு பெற்று உட்கார்ந்து என்ன செய்யப் போகிறேன்? தயவுசெய்து அவரைப் போக வேண்டாம் என்று சொல்லுங்கள்.

சம்பந்தியம்மாளுக்கு எங்கள் வணக்கங்கள். தங்கள் முதுகு சீக்கிரம் நிமிர எல்லாம் வல்ல இறைவன் அருளட்டும். தங்கள் வீட்டுப் பெரியவர்கள், சிறியவர்கள் அனைவரையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள சம்பந்தி,
மேற்பார்வையாளர், பம்புப் பிரிவு.

பி.கு.: உறையை ஒட்டப் போகிற நேரத்தில் மாப்பிள்ளை இறங்கி வந்து வாசற்படியில் நின்றார். “மாமா, நான் ஸ்டம்பைப் பாத்து எறியலை” என்றார். “பின்னே?” என்றேன். “நீங்க நாப்பத்தெட்டுல இருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். பந்து எல்லாரையும் தாண்டி எங்கயாவது போயிட்டா இன்னொண்ணு ஓடி அம்பது போட்டுடுவீங்கன்னு கண்ணை மூடிக்கிட்டு வீசினேன். ஒரே ஒரு தடவை உங்களுக்கு ஒண்ணு செஞ்சு பாக்கலாம்னு நினைச்சேன். அதுகூட எனக்கு ஒழுங்கா வரலை. அதான் முகத்துல முழிக்க முடியலை.” அவ்வளவுதான், எனக்கு வந்ததே கோபம்! சொந்த அணிக்குத் துரோகம், வேண்டுமென்றே தப்பாக எறிவது, இதெல்லாம் விளையாட்டா? அப்படிக் கிடைத்த ஐம்பதை நான் யாரிடம் சொல்லிக்கொள்வது? கால் மணி நேரம் வாய்க்கு வந்தபடி திட்டினேன். திட்டு முடிவதற்குள் அவர் தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். என் மனைவி பரிமாறினாள். விண்ணப்பத்தை நாளைக் காலை வாபஸ் வாங்குகிறார். ஆகவே மேலே எழுதிய எதையும் தாங்கள் பொருட்படுத்த வேண்டாம். அவர் தன் அணிக்கு உண்மையாக விளையாடினார் என்று எழுதிய வரியை மட்டும் அடித்துவிடுங்கள். மன்னிப்புக் கேட்ட பகுதியை அடிக்க வேண்டாம். இவ்வளவு திட்டியும் அந்த ஒரு வார்த்தையை அவர் முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தாங்கள் போன் செய்யும்போது, நான் எழுதியதாகச் சொல்லி, அதை மட்டும் அவருக்கு மெதுவாகப் படித்துக் காட்டிவிடுங்கள்.