அன்னக்கொடிக்கு வாயுத் தொல்லை

மகள் அஸ்வினிக்கு வலி எடுத்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிற நேரத்தில், அன்னக்கொடியும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

"வாயுதான். ஓமத்தண்ணி குடிச்சிருக்கேன். நீங்க முதல்ல ஆட்டோவைக் கூப்பிடுங்க" என்றாள் கணவர் உக்கிரபாண்டியிடம்.

இந்த வாயு பல மாதங்களாகச் சோழவந்தானில் அவர்கள் வீட்டில் குடியிருந்தது. அன்னக்கொடிக்கு நாற்பத்தாறு வயது. மாதவிலக்கு தள்ளிப்போனபோது, நிற்கிற வயசுதானே என்று பக்கத்து வீட்டு சீனியம்மாள் சொன்னதை எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். வயிறு லேசாக உப்பியதும் உக்கிரபாண்டி கொள்ளுக்கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார். பசிதான் கூடியது. வெற்றிலைக் கொடிக்காலைச் சுற்றி நடக்கச் சொன்னார். கால் வீங்கியது. உள்ளே ஏதோ உருளுகிறது என்று அவள் சொன்ன அன்றுதான் அவருக்குப் பயம் பிடித்தது. கட்டியாக இருக்குமோ? டாக்டரிடம் கூப்பிட்டால், பிள்ளை பெற்று முடியட்டும், அப்புறம் வாரேன் என்று மகளைக் காட்டித் தட்டிக்கழித்தாள்.

மதுரை கே.கே. நகரில் ஒரு ஆஸ்பத்திரி. அஸ்வினியைப் பிரசவ அறைக்குள் கொண்டுபோனார்கள். துணைக்குப் போன அன்னக்கொடி கொஞ்ச நேரத்தில் அங்கேயே சுருண்டு உட்கார்ந்துவிட்டதாக நர்ஸ் ஜெனிஷா வந்து சொன்னாள். டாக்டரம்மா பார்க்கிறார், யாரும் உள்ளே வரக்கூடாது என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

உள்ளே மகள், மனைவி இருவருமே. உக்கிரபாண்டி அழகரை வேண்டினார். போதாதென்று சுவரில் இருந்த மாதா படத்தையும் கும்பிட்டார்.

திடீரென்று ஒரு குழந்தை வீறிட்டது. அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. சற்றுமுன் உலகத்தில் இல்லாத ஒரு குரல்.

டாக்டரம்மா வெளியே வந்தார். நம்ப முடியாததைப் பார்த்துவிட்டு வந்த முகம்.

"கட்டியெல்லாம் இல்லங்கய்யா. உங்க வீட்டம்மா நல்லா இருக்காங்க" என்றவர், சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

உக்கிரபாண்டி துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். நிமிர்ந்தபோது ஜெனிஷா துணியில் சுற்றிய குழந்தையோடு நின்றிருந்தாள். கையில் வாங்கினார். அது அவர் சுண்டுவிரலைப் பற்றிக்கொண்டது. மூச்சுவிடக்கூடப் பயந்து அதையே பார்த்தார்.

"பேத்தியா தாயி?"

"இல்லண்ணே. உங்க பேரப்பிள்ளை வர இன்னும் நேரமிருக்கு. அதோட சித்தி முந்திக்கிட்டா."