கொழுந்தனுக்கு இரண்டு மூக்கு

கையில் ஒரு மெஷினும் மதியத்தில் கொஞ்சம் ஓய்வும் இருந்தால் போதும், யாருக்கும் தான் கலைஞர் என்ற எண்ணம் வந்துவிடும். எனக்கு அது அந்தமானில், கராச்சர்மா ஊரில், எங்கள் ஜெராக்ஸ் கடையில் வந்தது.

ஸ்கேனர் கண்ணாடியில் முகத்தை வைத்துப் படம் எடுப்பதைப் போனில் பார்த்திருந்தேன். மூடியைத் திறந்து, முகத்தைக் கவிழ்த்து, தலைக்கு மேல் கறுப்புத் துணியைப் போட்டுவிட்டால், விளக்கு ஒரு காதிலிருந்து மறு காதுக்கு மெல்ல நகர்ந்து முகத்தை வாங்கிக்கொள்ளும். முதலில் என்னையே எடுத்துப் பார்த்தேன். (கிணற்றில் விழுந்தவள் எட்டிப் பார்ப்பது மாதிரி இருந்தது. எனக்குப் பிடித்துப்போனது.)

அந்தச் சமயம் என் கொழுந்தன் செல்வத்துக்கு வடக்கே ரங்கத் என்ற ஊரில் பெண் பேசிக்கொண்டிருந்தோம். அதற்கு முன்பு வந்த இடங்கள் எல்லாம் தட்டிப்போயிருந்தன. நடுவில் பாராடாங் தீவில் படகு தாண்டி வர வேண்டிய தூரம் என்பதால், பெண் வீட்டார் முதலில் போட்டோ கேட்டார்கள். செல்வம் கடையிலேயே ஒரு பாஸ்போர்ட் போட்டோ எடுத்துக்கொண்டான். நான் விடவில்லை.

"இதுல நீ ரேஷன் கடையில நிக்கிற மாதிரி இருக்கே. ஸ்கேனர்ல ஒண்ணு எடுப்போம், வா."

"கண்ணாடி ஒடஞ்சா அண்ணன் என்னை ஒடைப்பாரு, அண்ணி."

"கண்ண மூடு. ஹில்னா மத்!" (ஆடாதே என்பதை இந்தியில் சொன்னால்தான் எங்கள் தீவில் எவனும் ஆடாமல் இருப்பான்.)

விளக்கு மூக்கைத் தாண்டும் நேரம் பார்த்து, கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டு ஒருவர் உள்ளே வந்தார். "பாபி, கலர் காப்பி ஹோகா க்யா?"

நல்ல பிள்ளை செல்வம், துணிக்குள்ளேயே விளக்கு போகும் பக்கம் முகத்தைத் திருப்பி, "ஹோகா பாய், பைட்டோ!" என்று வந்தவரை உட்காரச் சொன்னான்.

படத்தில் இரண்டு மூக்கு. நடுவில் ரப்பராக இழுபட்ட கன்னம். பேசிக்கொண்டே காது வரை போய்விட்ட வாய்.

"யாரு அண்ணி இது?"

"நீதான். உள்ள இருக்கிற நீ." (கூசாமல் சொன்னேன்.)

எங்கள் கடையில் திருத்த வேண்டிய ஃபைலுக்குக் 'கச்சா' என்றும், முடிந்ததற்குப் 'பக்கா' என்றும் பெயர் போடுவது வழக்கம். பாஸ்போர்ட் போட்டோவில் கலை இல்லையே என்று அதைக் கச்சா ஆக்கினேன். இரண்டு மூக்கு, 'செல்வம் பக்கா' ஆனது. சாயங்காலம் வந்த என் வீட்டுக்காரர், நெட் இழுத்த இழுப்பில் படம் திறக்கும்வரை காத்திருக்கவில்லை. பெயரை மட்டும் பார்த்துப் பக்காவை ரங்கத்துக்கு அனுப்பிவிட்டார்.

மறுநாள் பெண்ணின் அப்பா கூப்பிட்டார். "ஏம்மா, தம்பிக்கு எப்ப அடிபட்டுச்சு?"

"ஐயா... அது கலைங்கய்யா."

"கலைஞ்சிருமா? தானாவேவா, இல்ல மருந்து ஏதும் போடணுமா?"

உடனே கச்சாவை அனுப்பினேன். திரும்பவும் போன். "லட்சணமாத்தான் இருந்திருக்காரு. இது அடிபடறதுக்கு முன்னாடி எடுத்ததா?"

செல்வம் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டான். "இதுவும் போச்சுன்னா நான் மெயின்லேண்டுக்குக் கப்பல் ஏறிடுவேன் அண்ணி. திரும்ப மாட்டேன்." அவன் விளையாட்டுக்குச் சொல்கிற ஆள் இல்லை. நானும் சாப்பிடவில்லை.

ஆனால் ரங்கத்துப் பெரியவர், "மறைக்காம அனுப்புன குடும்பம், நேர்ல போய்ப் பாத்துடுவோம்" என்று மகள் கோகிலாவையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டார். வந்தவர் டீயைத் தொடவில்லை. செல்வத்தை ஜன்னல் பக்கம் நிறுத்தி, "தம்பி, அப்படித் திரும்புங்க. இப்ப இந்தப் பக்கம்" என்று, சந்தையில் மீன் வாங்குபவர் போலப் பார்த்தார். கோகிலா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"அப்பா, விடுங்க. எனக்கு ஒரு மூக்கு போதும்" என்றாள்.

முகூர்த்தம் குறித்தாயிற்று.

போன மாதம் கோகிலாவுக்குப் பெண் குழந்தை. ஆஸ்பத்திரி வாசலிலிருந்து ரங்கத்துக்கு நான்தான் போன் செய்தேன். பெரியவர், தாயும் பிள்ளையும் சுகம்தானே என்று கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"ஏம்மா, தப்பா எடுத்துக்காத. புள்ளயோட போட்டோவ மட்டும் வேற யாரையாவது எடுக்கச் சொல்லு."