ஒரு வாரம் பீரோவில் இருந்த லேப்டாப்

கடைக்காரர்களிடம் கேள்வி கேட்க எனக்கு வராது. என்ன சொன்னாலும் "சரிங்க" என்று தலையாட்டிவிட்டு, புரியாததை வீட்டுக்கு வந்து நானாகப் புரிந்துகொள்வேன். (அஞ்சாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனால் நானாகப் புரிந்துகொள்வதில் கெட்டிக்காரி.) அந்தக் கெட்டிக்காரத்தனத்தால் என் மகள் சுமதியின் படிப்பே ஒருமுறை ஆட்டம் கண்டது.

இரண்டாயிரத்துப் பத்தோ பதினொன்றோ இருக்கும். சுமதி சிதம்பரத்தில் ஹாஸ்டலில் தங்கிக் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். பிராஜெக்டுக்கு லேப்டாப் வேண்டும் என்றாள். நானும் என் கொழுந்தனார் சேகரும் கடலூரில் ஒரு கடைக்குப் போனோம். அவர் டிவி வரிசையில் கிரிக்கெட் பார்க்க நின்றுவிட்டார். விற்பனையாளர் என்னிடம் மடமடவென்று ஒப்பித்தார்.

"ஏதாச்சும் பிரச்சனைன்னா ஒரு வாரத்துக்குள்ள கொண்டாங்கம்மா, மாத்திக் குடுப்போம். ஆனா பெட்டி, தெர்மோகோல், கவரு எல்லாம் அப்படியே இருக்கணும். ஒரு கீறல் இருக்கக் கூடாது."

"சரிங்க" என்றேன்.

வழியெல்லாம் அந்தக் கீறல்தான் மனசில் ஓடியது. ஒரு வாரம் கீறல் படாமல் காப்பாற்றிவிட்டால் தப்பித்தோம் என்று புரிந்துகொண்டேன். பெட்டியைப் பிரிக்கவே இல்லை. மேலே சந்தனம், குங்குமம் வைத்தேன். பீரோவில் என் கல்யாணப் பட்டுப்புடவையை ஒதுக்கிவிட்டு அந்த இடத்தில் பெட்டியை வைத்து, கைநிறைய அந்துருண்டையும் போட்டுப் பூட்டினேன்.

சுமதியிடமிருந்து போன் மேல் போன்.

"எம்மா, எப்பம்மா எடுத்தாருவ?"

"ஒரு வாரம் போவட்டும்டி. இப்பத் தொட்டா ஆபத்து."

"ஆபத்தா? லேப்டாப்புதானம்மா வாங்குன?"

வாரம் முடிந்த மறுநாள், பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு சிதம்பரம் பஸ் ஏறினேன். பக்கத்து சீட்டு அம்மா மீன் கூடையை லேசாக நகர்த்தியதற்கே முறைத்தேன். (நான் வாழ்க்கையில் முறைத்த ஒரே ஆள் அவர்தான்.)

ஹாஸ்டலில் சுமதி ஆசையாகப் பிரித்து, சார்ஜரை மாட்டி, பட்டனை அமுக்கினாள். லேப்டாப் கண்ணைத் திறக்கவில்லை. திரும்பத் திரும்ப அமுக்கினாள். அப்புறம் பில்லைப் பார்த்தாள்.

"எம்மா, ஒரு வாரம் நேத்தோட முடிஞ்சிடுச்சு! போட்டுப் பாக்கறதுக்குத்தாம்மா அந்த ஒரு வாரம். சர்வீசுக்குக் குடுத்தா எப்ப வருமோ, நான் எதுலம்மா பிராஜெக்ட முடிப்பேன்?"

அடுத்த பஸ்ஸிலேயே இருவரும் கடலூர் வந்தோம். கடை மேனேஜர் பில்லைப் பார்த்து, "டைம் தாண்டிப்போச்சேம்மா" என்றார். சுமதி வாய் திறப்பதற்குள், எங்கிருந்துதான் வந்ததோ, எனக்குப் பேச்சு வந்துவிட்டது.

"நீங்க கேட்டதெல்லாம் இருக்குங்க. பெட்டி இருக்கு, தெர்மோகோல் இருக்கு, கவரு இருக்கு. ஒரு கீறல் கெடையாது. நல்லாப் பாத்துக்குங்க."

பெட்டியைத் திறந்தார். அந்துருண்டை வாசனை கடை முழுக்கப் பரவியது.

"ஏம்மா, ஒருவாட்டிகூட போட்டுப் பாக்கலியா?"

"போட்டுப் பாத்தா பழசாயிடாதுங்களா?"

மேனேஜர் சிரித்த சிரிப்பில் நாற்காலி ஆடியது. வேலை செய்தவர்களை எல்லாம் கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொன்னார். எனக்கு அந்தத் தெர்மோகோலுக்குள்ளேயே புகுந்துகொள்ளலாம் போலிருந்தது.

கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நாங்க விக்கிறதே இதவிடப் பழசா இருக்கும்மா. மாத்திக் குடுத்துடறேன். ஆனா ஒரு கண்டிஷன், இங்கயே போட்டுப் பாத்துட்டுத்தான் போவணும்" என்றார்.

சுமதி என் விரலைப் பிடித்துப் பட்டனில் வைத்தாள். திரை பளிச்சென்று எரிந்ததும் நான் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். (கீறல் விழுந்துவிட்டால்?)

பிராஜெக்டும் முடிந்தது, வேலையும் கிடைத்தது, கல்யாணமும் ஆனது. மறுவீட்டு விருந்தில் பந்தி முழுக்கக் கேட்கிற மாதிரி சேகர் குரல் கொடுத்தார்: "அண்ணி, மாப்ளயோட பெட்டி, தெர்மோகோல்லாம் பத்திரமா வெச்சிருக்கீங்களா?"

மாப்பிள்ளை கதையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். இப்போதும் சுமதியோடு சண்டை என்றால் முதல் போன் எனக்குத்தான்.

"அத்த, என் பெட்டியத் தூக்கிப் போட்டுடலியே?"

"பெட்டி இருக்குங்க மாப்ள" என்பேன். "ஒரு வாரந்தான் தாண்டிப்போச்சு."