கப்பல் டாக்டர் விழுந்தால் என்ன செய்வது?

செங்கல்பட்டு ஜில்லா முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் கப்பல் டாக்டரைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியைக் கண்டுபிடிக்க முடியாது. இடி இடித்தால் பயம். நாய் குரைத்தால் பயம். நாய் குரைக்காமல் சும்மா பார்த்தால் இன்னும் பயம். தொழில் என்னவோ பல் வைத்தியம்தான். ஆனால் ஊசி போடும்போது நோயாளியோடு சேர்ந்து அவரும் கண்ணை மூடிக்கொள்வார். ஒருமுறை எனக்கு ஈறில் போட வேண்டியதை உதட்டில் போட்டுவிட்டு, பரவாயில்லை, பக்கத்தில்தான் என்று எனக்கே தைரியம் சொன்னார்.

இப்படிப்பட்டவரிடம் ஒரு பாய்மரப் படகு இருந்தது. கப்பல் டாக்டர் என்று ஊர் பெயர் வைத்தது அதனால்தான். சென்னையிலிருந்த ஒரு வெள்ளைக்காரர், டாக்டர் செய்துகொடுத்த பல் செட்டில் மனம் குளிர்ந்து, ஊரைக் காலி செய்துகொண்டு போகும்போது படகை அவர் தலையில் கட்டிவிட்டுப் போனார். போவதற்கு முன் ஓட்டவும் கற்றுக்கொடுத்தார். மகாபலிபுரத்துக்கு வடக்கே ஒரு மீனவர் குப்பத்து மணலில் அது கிடந்தது. விற்றுத் தொலையுங்கள் என்று டாக்டரின் மனைவி தலைதலையாக அடித்துக்கொண்டார். மனுஷன் கேட்கவில்லை. படகை நினைத்தால் அவருக்குக் குலை நடுங்கும். ஒரு மாசம் அதில் ஏறாவிட்டால் சோறு இறங்காது.

ஓட்டுவதற்கு அவரோடு மூன்று பேர் வேண்டும். ஒருமுறை போய் வந்தவன் மறுமுறை டாக்டரின் தெருப்பக்கமே தலைகாட்டமாட்டான். அதனால் புது ஆள் பிடித்துக்கொண்டே இருந்தார். பிடிக்கும் விதமும் அலாதி. நம் வாய் நிறையப் பஞ்சை அடைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை சும்மாதானே இருக்கிறீர்கள் என்பார். நாம் "ம்ம்ம்" என்று அலறுவோம். சந்தோஷம் என்று சொல்லி முடிவு செய்துவிடுவார். எழுபதுகளின் நடுவில் செங்கல்பட்டில் ஒரு அச்சகத்தில் புரூஃப் திருத்திக்கொண்டிருந்த நான் அப்படித்தான் மாலுமி ஆனேன். எனக்கு நீச்சல் தெரியாது. வீட்டில் மனைவிக்கு ஏழு மாசம். விஷயத்தைச் சொன்னதும் அவள், போவதானால் வாட்ச்சைக் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள் என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய் அழுதாள்.

என்னோடு மாட்டிய மற்ற இருவர், சைக்கிள் கடை ஏகாம்பரமும் நிலம் அளக்கும் சர்வேயர் ஒருவரும். பயிற்சி சனிக்கிழமை மத்தியானங்களில் ஆஸ்பத்திரி முன்னறையில் நடக்கும். நோயாளிகள் உட்காரும் இரண்டு பெஞ்சுகள்தான் படகு. கூரைக் கொக்கியிலிருந்து ஒரு மூங்கில் தொங்கும். அதில் டாக்டரின் மனைவியுடைய புடவை பாயாகக் கட்டியிருக்கும். காற்று திரும்பினால் பாயின் அடிக்கழி தலைமட்டத்தில் விசிறிக்கொண்டு வருமாம். டாக்டர் "குனி!" என்று கத்தி மூங்கிலைத் தள்ளிவிடுவார். முதல் நாளே ஏகாம்பரத்தின் நெற்றி புடைத்தது.

"இன்னா டாக்டரே, பல்லு நோவுதுன்னு வந்தா மண்டைய ஒடைக்கிற. ரொம்பப் பேஜாரா கீது" என்றார் ஏகாம்பரம்.

இடது வலது என்று சொன்னால் அவசரத்தில் குழம்புவோம் என்பது டாக்டரின் இன்னொரு பயம். அதனால் இடப்பக்கச் சுவரில் காலண்டர் தொங்கியதை வைத்து அது காலண்டர் பக்கம், எதிரில் கதவுப் பக்கம். காலண்டர் என்றால் மூன்று பேரும் அந்தப் பக்கம் பாய வேண்டும். கதவு என்றால் இந்தப் பக்கம். நான்கு வாரத்தில் தூக்கத்திலும் பாய்ந்தோம்.

ஆனால் பயிற்சியில் முக்கால்வாசி நேரம் ஒரே பாடம்தான். டாக்டர் தண்ணீரில் விழுந்துவிட்டால் என்ன செய்வது? அவர் பெஞ்சிலிருந்து சிமெண்டுத் தரையில் உருண்டு, "நான் உழுந்துட்டேன்!" என்று கூவிக் கையை உதறுவார். உடனே சர்வேயர் கயிற்றை விட்டுப் பாயை இறக்க வேண்டும். ஏகாம்பரம் கயிறு கட்டிய லாரி டியூபை வீச வேண்டும். நான் கண்ணை எடுக்காமல் டாக்டரை நோக்கி விரலை நீட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கடலில் ஆளைக் கண் தவறவிட்டால் அப்புறம் கிடைக்கமாட்டானாம். ஒரு மத்தியானத்தில் பத்துத் தடவையாவது விழுவார். பல் வலியோடு வந்த ஒரு அம்மாள் இதைக் கதவிடுக்கில் பார்த்துவிட்டு, வலி நின்றுவிட்டது என்று திரும்பிப் போய்விட்டாள். உங்களுக்கு நீச்சல் தெரியாதா என்று ஒருநாள் கேட்டேன். தெரிந்தால் இவ்வளவு பயிற்சி எதற்கு என்று சள்ளென்று விழுந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் வந்தது. திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ்ஸில் போனோம். குப்பத்து ஆட்கள் படகை அலையில் தள்ளிவிட்டார்கள். முதல் அலை படகைச் செங்குத்தாகத் தூக்கிப் போட்டபோது நான் பாய்மரத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டேன். ஏகாம்பரம் தெரிந்த சாமி பெயரையெல்லாம் சொல்லி முடித்து, தெரிந்த கஸ்டமர் பெயர்களைச் சொல்ல ஆரம்பித்தார். சர்வேயர் கண்ணைத் திறக்கவே இல்லை. சுக்கானைப் பிடித்திருந்த டாக்டரின் முகம் சுண்ணாம்பு அடித்ததுபோல இருந்தது.

அலைகளைத் தாண்டியதும் ஆட்டம் கொஞ்சம் அடங்கியது. காலண்டர் என்றார், பாய்ந்தோம். கதவு என்றார், பாய்ந்தோம். குனி என்றார், குனிந்தோம். படகு கிழக்கே போய்க்கொண்டே இருந்தது. திரும்பிப் பார்த்தேன். கடற்கரைக் கோயில் கொலு பொம்மை அளவுக்குச் சின்னதாகியிருந்தது. பிறக்கப்போகும் பிள்ளையின் முகத்தைப் பார்க்கமாட்டேன் என்று அப்போது தோன்றியது. நிஜமாகவே தோன்றியது. போதும் டாக்டர், திரும்பிவிடலாம் என்று கெஞ்சினேன். அவர் அதற்காகவே காத்திருந்தவர்போலப் படகைத் திருப்பினார்.

வினை அங்கேதான் வந்தது. கரையை நோக்கி வரும்போது காற்று பலத்துப் படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. டாக்டர் "காலண்டர்!" என்று கத்தினார். நானும் ஏகாம்பரமும் இடப்பக்கம் பாய்ந்தோம். சர்வேயர் வலப்பக்கம் பாய்ந்தார். டாக்டர் மறுபடி கத்தினார். சர்வேயர் அசையவில்லை. ஆயுள் முழுக்கச் சங்கிலி பிடித்து, திசை பார்த்து நிலம் அளந்தவர்.

"காலண்டர் வடக்குச் செவுத்துலதான கீது? படகு திரும்பினா வடக்கும் கூடவே திரும்பிடுமா?" என்றார்.

அரசாங்க உத்தியோகஸ்தர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று ஏகாம்பரமும் அவர் பக்கம் தாவினார். படகு இன்னும் சாய்ந்தது. இரண்டு பேர் அங்கே, நான் மட்டும் இங்கே. எனக்கே சந்தேகம் வந்து எழுந்து நின்றேன். அந்தச் சமயம் பார்த்துக் கழி விசிறிக்கொண்டு வந்தது. "குனி!" என்ற சத்தம் காதில் விழுந்தபோது நான் தண்ணீரில் இருந்தேன்.

மூக்கிலும் வாயிலும் உப்புத் தண்ணீர். மேலே வந்தபோது படகு தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. ஏகாம்பரமும் சர்வேயரும் பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்து என்னையே பார்த்தார்கள். டியூப் ஏகாம்பரத்தின் மடியில்தான் இருந்தது. டாக்டர் கத்துகிறார், அவர்களுக்குக் கையும் வரவில்லை காலும் வரவில்லை. நான் மறுபடி முங்கினேன்.

அடுத்த முறை மேலே வந்தபோது ஏதோ கனமாக என் பக்கத்தில் விழுந்தது. டாக்டர். வேட்டி குடை மாதிரி விரிய, என் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு, தொண்டை கிழிய "நான் உழுந்துட்டேன்!" என்று கூவினார்.

அவ்வளவுதான். பாய் சரசரவென்று இறங்கியது. படகு நின்றது. டியூப் பறந்து வந்து எங்கள் நடுவில் விழுந்தது. நான்கு வாரம் சிமெண்டுத் தரையில் செய்ததை ஒன்று விடாமல் செய்தார்கள். சொல்ல வெட்கமாக இருக்கிறது, பாதி முங்கிய நிலையில் நானும் டாக்டரை நோக்கி விரலை நீட்டிக்கொண்டிருந்தேன்.

எங்களைப் படகில் இழுத்துப்போட்டார்கள். எப்படிக் கரை சேர்ந்தோம் என்று கேட்டால் தெரியாது. மணலில் விழுந்து கிடந்தபோது, நீச்சல் தெரியாத மனுஷன் ஏன் குதித்தீர்கள் என்று அவரைக் கேட்டேன். கேட்கும்போதே அழுதுவிட்டேன். அவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு பதில் சொன்னார்.

"நீங்க உழுந்தா இன்னா பண்றதுன்னு நான் அவங்களுக்குச் சொல்லித் தரலியே சார். நான் உழுந்தாத்தான அவங்களுக்குத் தெரியும்?"

எதற்குத் துண்டு என்று அப்புறம்தான் புரிந்தது. கடலில் கூவிய கூவலில் அவருடைய பல் செட், மேல் வரிசை கீழ் வரிசை இரண்டும், போய்விட்டது. ஊருக்கே தன் பல்லைக் காட்டி, முப்பத்திரண்டும் சொந்தம், எல்லாம் வேப்பங்குச்சி மகிமை என்று சொல்லிவந்தவர். எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். கடலில்கூட அந்தக் கண்ணில் அவ்வளவு பயத்தை நான் பார்க்கவில்லை.

புதுச் செட் தயாராகும்வரை ஆஸ்பத்திரி பூட்டியிருந்தது. டாக்டர் வெளியூர் போயிருக்கிறார் என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னோம். பின்பக்க வழியாக ஆள் மாற்றி ஆள் அவருக்குக் கூழ் கொண்டுபோய்க் கொடுத்தோம். பஜாரில் பாதிச் சண்டைகளை மூட்டிவிட்டதே ஏகாம்பரத்தின் வாய்தான். அவர்கூட மூச்சு விடவில்லை.

இத்தனை வருஷமாக நானும் யாரிடமும் சொன்னதில்லை, என் பிள்ளையிடம்கூட. இப்போது டாக்டர் இல்லை என்பதால்தான் எழுதுகிறேன். எழுத வழியே இல்லாமல் அவர் இருந்துகொண்டே இருந்திருக்கலாம்.