நேர்ந்த முழங்காலும் நீல டின்னும்

"முழங்கால் என்ரை. வாய் என்ரை. நேர்த்தி மட்டும் உம்மடையோ?"

பரமேஸ்வரன் இப்படிக் கத்தியது பதினாலாவது தரம். பிள்ளையார் பெருங்கதை விரதம் தொடங்கியும் பதினாலு நாள். நாளுக்கு ஒருக்கால் கத்தாவிட்டால் அவருக்குச் செமிக்காது.

விஷயம் இதுதான். சித்திரையில் அவருக்கு முழங்கால் மாற்றினார்கள். ஒப்பரேசன் நடக்கேக்கை மனைவி நகுலேஸ்வரி ஆஸ்பத்திரி வாங்கில் கண்ணை மூடியிருந்து, "பிள்ளையாரே, இந்த மனிசன் நடந்து வீட்டுக்கு வந்தால், பெருங்கதை இருவத்தொரு நாளும் மச்ச மாமிசம் தொடாது" என்று நேர்ந்துவிட்டா. மனிசன் மயக்கத்தில் கிடந்தது. ஒருவரும் அதனிடம் கேட்கவில்லை. கண் முழித்தபோது கால் புதிது, நாக்கு கோயிலுக்குச் சொந்தம்.

நோர்பரியில் அந்த வீட்டு பிரிட்ஜை எப்போது திறந்தாலும் கத்தரிக்காய்தான் முன்னுக்கு நின்றது. அவர் கதவை அடித்துச் சாத்துவார். கத்தரிக்காய்க்கு அது உறைக்கவேயில்லை.

பதினாலாம் நாள் இரசச்சோற்றைத் தள்ளிவிட்டு எழும்பினார்.

"சனிக்கிழமை நான் மலை ஏறப்போறன்!"

"எந்த மலையப்பா?"

"வேல்ஸிலை. கடலோரம். பனி உறைஞ்சு கண்ணாடி மாதிரிக் கிடக்காம். பெர்சியையும் கொண்டு போறன்."

பெர்சி மகள் தாரகாவின் நாய். வேலைக்காகச் சிங்கப்பூர் போனவள் தாய் தகப்பனிடம் விட்டுப்போனது. நகுலேஸ்வரி அதை நாய் என்று சொல்லமாட்டா. வைரவற்றை வாகனம். காலமை அதற்கு வைத்த பிறகுதான் வீட்டில் மற்றவர்களுக்கு.

"இந்தக் குளிருக்கை என்னத்துக்கு?"

"நேர்ந்த முழங்கால் வேலை செய்யுதோ எண்டு பாக்க வேண்டாமே? பிள்ளையாருக்கும் ஒரு ரிப்போட் போகவேணும்!"

நகுலேஸ்வரி வாய்க்குள் ஏதோ தேவாரம் சொன்னா. மறுக்கவில்லை. அதுவே அவருக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது. சண்டைக்கு எட்டுப் பதில் ஆயத்தமாக வைத்திருந்தவர்.

மலையில் அவருக்கு ஒரு ஆசையும் இல்லை. ஆசை முழுக்க ஸ்ரீதரனின் கடை மட்டன் ரோல்ஸில். வேல்ஸ் மலை உச்சியில் கோயில் ஆட்கள் ஒருவரும் இல்லை. புதன்கிழமையே போன் எடுத்து ஐந்து ரோல்ஸுக்குச் சொல்லிவைத்தார். வெள்ளி பின்னேரம் எடுக்கப் போனபோது ஸ்ரீதரன், "நாய் சுகமோ அண்ணை?" என்று கேட்டான்.

"நாய்க்கென்ன? என்னைக் கேளும்! பதினாறு நாள்!"

ரோல்ஸ் ஐந்தையும் நாயின் நீல டின்னுக்குள் அடுக்கி, மேலே நாய் பிஸ்கட்டைப் பரப்பினார். விரதகாரி அந்த டின்னைத் திறக்கவா போறா?

சனி விடியக் காரடிக்கு வந்தால் முன்சீட்டில் நகுலேஸ்வரி. மடியில் மோதகச் சட்டி.

"நீர் எங்கை வாறீர்?"

"நேர்ந்தது நானெல்லோ. முழங்கால் ஏறுறதைக் கண்ணாலை பாத்தால்தானே எனக்கும் திருப்தி."

வேல்ஸ் போய்ச்சேருமட்டும் அவர் கோபத்தை ஹோர்னில் காட்டினார்.

மலையடியில் கடற்காற்று காதை அறுத்தது. பாதை முழுக்கப் பனி உறைந்து மினுங்கியது. "நீர் காருக்கை இரும், விழுந்து கிழுந்து போவீர்" என்றார் மிகுந்த அக்கறையோடு. நகுலேஸ்வரி சறுக்காமலிருக்க அவருடைய பழைய சொக்ஸ் இரண்டைத் தன் சப்பாத்துக்கு மேலால் இழுத்துப் போட்டுக்கொண்டு, கோயில் வெளிவீதி சுற்றுகிறமாதிரி நிதானமாக ஏறத் தொடங்கினா.

பரமேஸ்வரனுக்குப் புதுச் சப்பாத்து, இரண்டு கையிலும் ஊன்றுகோல். போதாக்குறைக்குப் பெர்சி. அதுக்கு மலையும் கடலும் கண்ணில் படவேயில்லை. மூக்கு அவருடைய முதுகுப் பையிலேயே நின்றது. பின்னாலிருந்து பாயும், அவர் சறுக்கி விழுவார். எழும்புவார், அது மறுபடி பாயும்.

"தள்ளிப் போ சனியனே!"

"பேசாதேங்கோ. உங்களிலை அதுக்கு என்ன பாசமெண்டு பாருங்கோ!"

நாலு தரம் விழுந்து உச்சிக்கு வந்தார். கீழே கடல் சாம்பல் நிறத்தில் கிடந்தது. அதை ஆர் பார்த்தது?

"நீர் இந்தக் கல்லிலை இரும். நான் அந்தப் பக்கம் கொண்டுபோய் நாய்க்குச் சாப்பாடு வைக்கிறன்."

"ஏன், எங்களுக்கு முன்னாலை சாப்பிட அதுக்கு வெக்கமோ?"

சொல்லிக்கொண்டே பையைத் திறந்து நீல டின்னை எடுத்துவிட்டா. கை படாமல் மூடியை நெம்பி, அப்படியே பாறையில் கவிழ்த்தா. பிஸ்கட் சிதறியது. பின்னால் ரோல்ஸ் ஐந்தும் ஒவ்வொன்றாக உருண்டு வந்தன.

"இதென்னப்பா?"

பரமேஸ்வரன் காலால் பிஸ்கட்டை ரோல்ஸின் மேல் தள்ளினார். "அது... நாய்க்கு... புதுசா வந்த சாப்பாடு. உருளையா வருது."

"அப்ப நல்லதாப் போச்சு. சாப்பிடடா ராசா."

முதலாவது ஒரே விழுங்கு. இரண்டாவதை அது மெல்லக்கூட இல்லை. மூன்றாவது போகையில் அவர் ஊன்றுகோலால் பனியைக் குத்தினார். பதினேழு நாள்! நாலு விழுகை! புது முழங்கால்! எல்லாம் ஒரு நாயின் வயிற்றுக்கோ? நாலாவதும் போனது. ஐந்தாவதின் மேல் பெர்சி வாயை வைத்தபோது மானம் மரியாதை எல்லாம் விட்டுப்போய்க் குளறினார்:

"நிப்பாட்டும் அதை! உறைப்பும் வெங்காயமும் நாய்க்கு ஆகாது!"

பெர்சி ஐந்தாவதையும் விழுங்கிச் சப்புக்கொட்டியது. நகுலேஸ்வரி ஒரு மோதகத்தை எடுத்து அவருடைய கையில் வைத்தா.

"பயப்பிடாதேங்கோ. நீங்கள் போன் வைச்ச கையோடை, புதன்கிழமையே ஸ்ரீதரனைப் பிடிச்சு, ரெண்டும் போடாமல் நாய்க்கு ஏத்தமாதிரித்தான் செய்விச்சனான்."