பிளேடில் பல் இருக்க வேண்டுமாம்

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு, உங்கள் தங்கையின் கணவன் பணிவுடன் எழுதிக்கொள்வது. நானும் குழந்தையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீங்களும் சகலையும் அப்படியே இருக்க வேண்டும்.

உங்கள் கடிதம் கிடைத்தது. "எட்டு வயசுப் பொண்ண தனி ஆளா எப்படிப் பாத்துப்பீங்க, எங்கிட்ட அனுப்பிடுங்க, எம் பொண்ணா வளக்குறேன்" என்று எழுதியிருந்தீர்கள். கோபம் வரவில்லை, நன்றியாகத்தான் இருந்தது. உங்கள் தங்கை போய் ஏழு மாதமும் பதினொரு நாளும் ஆகின்றன. இத்தனை நாளில் "என்ன வேணும்" என்று கேட்டவர்கள் நிறையப் பேர்; "இதைச் செய்கிறேன்" என்று சொன்னது நீங்கள் ஒருவர்தான். அவள் உயிரோடு இருந்தபோதே குழந்தையின் பெயரைக் கொடுத்துவிட்டுப் போன ஐஸ் சறுக்குப் போட்டி ஒன்று பாக்கி இருந்தது. அது முடியட்டும், பிறகு பதில் எழுதலாம் என்று இருந்தேன். சனிக்கிழமை முடிந்தது. நடந்ததைச் சொல்கிறேன், நீங்கள் சொன்னது எவ்வளவு சரி என்று உங்களுக்கே புரியும்.

முதலில் உடுப்பு. அதில் பளபளவென்று கண்ணாடிக் கல் ஒட்ட வேண்டும், நூற்றிருபது கல். உங்கள் தங்கை அறுபத்திரண்டு ஒட்டியிருந்தாள். மிச்சத்தை நான் ஒட்டினேன், இரும்பையே பிடிக்கிற பசையால். கல் ஒன்றுகூட விழவில்லை அக்கா, அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் முன்பக்கமும் பின்பக்கமும் சேர்ந்து ஒட்டிக்கொண்டதால் குழந்தை உள்ளே நுழைய வழியில்லாமல் போயிற்று, அரத்தின் கைப்பிடியை உள்ளே விட்டு நெம்பித்தான் வழி பண்ணினேன். அப்புறம் கொண்டை. ஹேர்பின் குத்தக் குத்த சரிகிறது, எனக்கோ சரிகிற எதையும் பார்த்தால் கை சும்மா இருக்காது, எங்கள் ஒர்க்‌ஷாப்பில் வயர் கட்டுகிற பிளாஸ்டிக் பட்டை இருக்கிறதே, அதில் நாலு போட்டு இறுக்கிவிட்டேன். அரங்கத்தில் இன்னொரு குழந்தையின் அம்மா பார்த்துவிட்டு, "என்னங்க இது, வயர் கட்டுற மாதிரி கட்டி வச்சிருக்கீங்க?" என்றார். "வயர் கட்டுறதுதாங்க அது" என்றேன். "வலிக்கலையாடி கண்ணு?" என்று இவளைக் கேட்டார். இவள் பெருமையாக, "கழலாது ஆன்ட்டி, அப்பா மூணு தடவ இழுத்துப் பாத்துட்டாரு" என்கிறாள். அந்த அம்மா கட்டிங் பிளேயர் வாங்கி எல்லாவற்றையும் வெட்டி, தன் மகளுக்கு வைத்திருந்த பின்னை எடுத்து இவளுக்குக் குத்திவிட்டார். அவர் மகளுக்கும் இவளுக்கும் ஒரே பிரிவில் போட்டி, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இதெல்லாம் சில்லறை. பெரிய தப்பு சறுக்கு ஷூவில். போன வாரம் "முன்னாடி தட்டுதுப்பா, விழுந்துட்டே இருக்கேன்" என்று அழுதாள். எடுத்துப் பார்த்தால், அடியில் இருக்கிற பிளேடின் முன் நுனியில் ரம்பம் மாதிரி பல் பல்லாகத் துருத்திக்கொண்டிருக்கிறது. பதினோரு வருஷமாகச் சாணை பிடிக்கிற மெஷினில் வேலை பார்க்கிறவன் நான், பிசிறு என்று நினைத்தேன். செய்தவன் சரியாக முடிக்காமல் அனுப்பிவிட்டான் என்று திட்டிக்கொண்டே சாப்பாட்டு நேரத்தில் மெஷினில் கொடுத்து மழமழவென்று ஆக்கிவிட்டேன். இரண்டு காலுக்கும் ஒரு மயிரிழை வித்தியாசம் கிடையாது. போட்டியன்று காலையில்தான் திரும்பப் போட்டாள். ஒத்திகையில் தாவுவதற்காக நுனியைக் குத்தினாள் பாருங்க, அங்கே குத்த ஒன்றுமே இல்லை, அப்படியே குப்புற விழுந்து வயிற்றாலேயே நடுவர் மேஜை வரைக்கும் போய் நின்றாள். பயிற்சியாளரம்மா ஓடிவந்து ஷூவைத் தூக்கிப் பார்த்தார்.

"இதுல இருந்த பல்லு எங்கங்க?"

"அது பிசிறுங்க மேடம். எடுத்துட்டேன்."

"ஐயோ, அத ஊனித்தாங்க தாவணும்! நீங்க என்ன வேலை பாக்குறீங்க?"

சொன்னேன். "அதான்" என்றார். அதற்குமேல் திட்ட நேரமில்லை.

மாற்று ஷூ கேட்டுப் பார்த்தோம், யாருடையதும் அளவு சேரவில்லை. பேசாமல் வீட்டுக்குப் போகலாம் என்றேன். இவள் வரமாட்டேன் என்றாள். "அம்மா பேர் குடுத்தாங்கப்பா" என்றாள். பயிற்சியாளரம்மா அவள் முன்னால் முட்டி போட்டு, "தாவாத, சுத்தாத. பாட்டு முடியிற வரைக்கும் அழகா போயிட்டு வா, போதும்" என்று சொல்லி அனுப்பினார். போனாள் அக்கா. கையை விரித்து, ஒரு காலைப் பின்னால் தூக்கி, அரங்கத்தை முழுசாக ஒரு வட்டம் வந்தாள், அத்தனை பெரிய இடத்தில் பாட்டையும் மீறி பிளேடு போகிற சத்தம் கேட்டது. பதினொரு பேரில் பதினொன்றாவது இடம். சறுக்கலுக்கு மட்டும் கொடுத்த மதிப்பெண்ணில் நாலாவது. "தாவுறதையே பாத்துட்டு இருந்தேன், இவ காலு இப்படி ஓடும்னு எனக்கே தெரியாதுங்க" என்றார் பயிற்சியாளரம்மா. ஹேர்பின் குத்திவிட்ட அம்மா எழுந்து நின்று கை தட்டினார். இவர்களுக்கெல்லாம் நான் எப்படி நன்றி சொல்வது, சொல்லுங்க.

ஆனாலும் அக்கா, பல்லுக்கும் பிசிறுக்கும் வித்தியாசம் தெரியாதவன் கையில் பெண் குழந்தை வளரக்கூடாது. உங்கள் பேச்சைக் கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து விடுகிறேன். உங்கள் மனசுக்கு ஒரு குறையும் வராது. சகலைக்கு என் வணக்கம், குழந்தையின் முத்தம் உங்களுக்கு.

என்றும் நன்றியுள்ள,
தங்கை வீட்டுக்காரன்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்கு முன்னால் குழந்தையின் பெட்டியைத் தூக்கிப் பார்த்தேன், நான் அடுக்கியதைவிடக் கனமாக இருந்தது. திறந்தால் எல்லாம் என் சட்டைகள். "என்னடி இது?" என்றேன். "பெரியம்மா லெட்டர நானும் படிச்சேன். தனியா சமாளிக்க முடியாதவங்கள அனுப்பச் சொல்லியிருக்காங்க. நீ போய் இருந்துட்டு வா. நான் கோச் வீட்ல இருந்துப்பேன், கேட்டுட்டேன்" என்றாள். அதனால் மேலே கடைசியில் எழுதியதை அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். நாலு நாள் லீவு போட்டிருக்கிறேன். இரண்டு பேரும் வருகிறோம், இரண்டு பேரும் திரும்பிவிடுவோம். அங்கே வந்தால் நான் கொஞ்சம் அழணும் அக்கா. இங்கே நேரமே கிடைக்கல.