பாதையைத் தின்ற சேவல்

என் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எழுத்துப் பிழை இருந்தால் மன்னித்துவிடுங்கள். (கோழி என்று எழுதியதுமே கோபம் வருகிறது. காரணம் பின்னால் வரும்.)

எங்கள் லயம், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள், நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே மலைச்சரிவில் இருக்கிறது. கீழே ரோட்டுக்கு இறங்க ஒரு மண் பாதை. மழை பெய்தால் அது பாதை இல்லை, சறுக்குமரம். அதில் விழுந்துதான் என் மனைவி லெச்சுமி காலை முறித்துக்கொண்டாள். கம்பளியில் கிடத்தி நாலு பேர் தூக்கி இறக்கினோம். பாதி வழியில் நாங்களும் விழுந்தோம்.

அதனால், அரசாங்கப் பணத்தில் லயத்துக்கு ஒரு வேலை நடக்கப்போகிறது, என்ன வேலை என்று நீங்களே முடிவு செய்யலாம் என்று தகவல் வந்ததும், லெச்சுமி ஊன்றுகோலோடு கூட்டத்துக்கு முதல் ஆளாகக் கிளம்பினாள். நான் அவள் பின்னால். என் பின்னால் என் சேவல். (நான் கூச்சப்படாமல் பேசுவது அதனோடு மட்டும்தான். எங்கே போனாலும் கூடவே வரும்.)

கோயில் முற்றத்தில் டவுன் அதிகாரி கோலமாவால் எங்கள் லயத்தைக் கோயில், தொழிற்சாலை எல்லாம் சேர்த்து வரைந்து, பக்கத்தில் இரண்டு வட்டம் போட்டார். ஒன்று கொங்கிரீட் பாதைக்கு, மற்றது பஸ் தரிப்பிடத்துக்கு. ஆளுக்கொரு சோளமணி கொடுத்தார்.

"வேணுங்கிற வட்டத்துல போடுங்க. இதுதான் மக்கள் பங்களிப்பு. முடிவு உங்க கையில."

"நீங்கதான் வாயத் தெறக்க மாட்டீங்க, சோளத்தையாச்சும் சரியாப் போடுங்க" என்றாள் லெச்சுமி.

எங்கள் ரோட்டில் பஸ்ஸே ஓடுவதில்லை. லயமே பாதைக்குப் போட்டது. தோட்டத் தலைவரும், கட்டட வேலைகளைக் கொந்தராத்து எடுக்கும் அவர் மச்சானும் மட்டும் பஸ் தரிப்பிடத்துக்குப் போட்டார்கள். எண்ணுவதற்கு முன்னால் தேத்தண்ணியும் பணிஸும் வந்தன. எல்லோரும் திரும்பினோம்.

"ஐயோ, நம்ம சேவலு!" லெச்சுமி அலறினாள்.

பாதை வட்டத்தில் சேவல் மும்முரமாகக் கொத்திக்கொண்டிருந்தது. எந்தக் கூட்டத்திலும் கடைசி வரிசையைத் தாண்டாத நான் அன்று பாய்ந்தேன். குப்புற விழுந்தேன். தாடை கோயிலில், கால் தொழிற்சாலையில். சேவல் கடைசி மணியையும் விழுங்கிவிட்டு, என் முதுகில் ஏறிக் கூவியது. (கூட்டிச் சொல்லவில்லை. படம் இருக்கிறது, அதிகாரிதான் எடுத்தார்.) பஸ் வட்டத்தை மட்டும் அது தொடவில்லை. அங்கே அதிகாரியின் நாற்காலி இருந்தது.

அதிகாரி எண்ணினார். "பாதைக்கு ஒண்ணுமில்ல. பஸ் தரிப்பிடத்துக்கு ரெண்டு."

"சேர், சேவலு தின்னுடுச்சுங்க! நீங்களும் பாத்தீங்கதானே?"

"இருக்கிறதத்தான் எண்ண முடியும், அம்மா."

"அப்ப திரும்பப் போடுறோம். எல்லாரும் இங்கதான நிக்கிறோம்!"

"நேரமில்ல. அடுத்த தோட்டத்துக்குப் போகணும்."

சோளப் பை அவர் மடியில் இருந்தது. பாதிகூடக் குறையவில்லை. நேரமில்லாத மனிதர் இரண்டாவது தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்தார். மாவு அப்பிய முகத்தோடு எழுந்து நின்றேன். வாயைத் திறந்தேன். தும்மல் வந்தது. ஊர்க் கூட்டத்தில் நான் எழுப்பிய ஒரே குரல் அதுதான்.

சேவல் சோளத்தைத்தான் தின்றது. பாதையைத் தின்றவர்கள் பணிஸோடு சேர்த்துத் தின்றுவிட்டுப் போனார்கள்.

பஸ் தரிப்பிடம் வந்தது. அதில் ஒரு பலகையும் வந்தது. அதில் நான் குப்புறக் கிடக்கிறேன். கீழே, 'மக்கள் ஆர்வத்துடன் பங்கேற்றபோது' என்று எழுதியிருக்கிறது. ஆடுகள் அங்கே நிம்மதியாகப் படுக்கின்றன. கிளினிக் போகும் நாட்களில் லெச்சுமி என் கழுத்தைப் பிடித்துக்கொண்டு வழுக்கி வழுக்கி இறங்கி, அங்கே உட்கார்ந்து ஆட்டோவுக்குக் காத்திருப்பாள். கூட இருப்பவர்களிடம், "எங்க வீட்டுக்காரரு விழுந்து விழுந்து வாங்கிக் குடுத்த கட்டடம்" என்பாள். வீட்டில் இன்றைக்கு என்ன கறி என்று முடிவு செய்யும் பேச்சு வந்தாலே என் மகள், "அப்பா, மொதல்ல சேவலப் புடிச்சுக் கட்டுங்க!" என்று கத்துவாள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

நேற்று நல்ல மழை. உடம்புக்கு முடியாமல் போன பக்கத்து வீட்டுக்காரரை அதே கம்பளியில் தூக்கி இறக்கினோம். பாதி வழியில் விழுந்தோம். வண்டி வரும்வரை என் படத்துக்குக் கீழேதான் அவரைக் கிடத்தியிருந்தோம். அப்போது ஒருவரும் சேவலைப் பற்றிப் பேசவில்லை.

ஆடி மாதம், இரண்டாம் வெள்ளிக்கிழமை.